கொரியாவில் ஒரு கோடை: பல்கலைக்கழக வகுப்பா, குழுப் பயணமா, மொழிப் பள்ளியா?

எம்.எஸ்.டபிள்யூ, அதாவது சமூகப்பணியில் முதுகலை, படிக்கும் பிள்ளைகளிடம் ஏன் கொரியா என்று கேட்டால், பாதிப் பேர் ஏதாவது ஒரு டிவி தொடரின் பெயரைச் சொல்வார்கள். மீதிப் பேர் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, முதியோர் நலம் என்பார்கள். இரண்டிலும் தப்பில்லை. 2024 டிசம்பர் கணக்குப்படி தென்கொரியாவில் ஐந்தில் ஒருவர் 65 வயதை எட்டியவர். 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 குழந்தை. சமூகப்பணி படிப்பவருக்கு அங்கே பார்க்க நிறையவே இருக்கிறது. ஆனால் கையில் இருப்பது ஒரே ஒரு கோடை. போக மூன்று வழி உண்டு. எந்த வாசல் வழியாக நுழைகிறோமோ அந்தக் கொரியாதான் கண்ணில் படும்.

முதல் வாசல், எல்லோருக்கும் தெரிந்தது: தலைநகர் சோலின் பல்கலைக்கழகங்கள் நடத்தும் கோடைப் பள்ளி. யொன்சே, கொரியா பல்கலைக்கழகம், இஹ்வா எல்லாம் இதில் உண்டு. ஜூன் கடைசியில் தொடங்கி நான்கிலிருந்து ஆறு வாரம், பாடம் ஆங்கிலத்தில், பொதுவாக ஒரு பாடத்துக்கு 45 மணி நேரமும் 3 கிரெடிட்டும். விடுதி, மாலையில் ஊர் சுற்றல், ஒரு நாள் அரண்மனை, ஒரு நாள் வடகொரிய எல்லை. கலாச்சாரம் என்று கேட்டால் தட்டு நிறையக் கிடைக்கும். சமூகப்பணி என்று கேட்டால் தொட்டுக்கொள்ளத்தான். பாடப் பட்டியலில் வரலாறு, பொருளாதாரம், பாப் இசை, சினிமா வரிசையாக நிற்கும். நலத்துறை சார்ந்த பாடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை: கொரியாவில் சமூகப்பணிக் கல்விக்கு முதல் துறை திறந்ததே இஹ்வாவில்தான், 1947இல். அதே வளாகத்தில் ஆறு வாரம் தங்கிவிட்டு, ஒரு நலமையத்தின் படி ஏறாமலேயே ஊர் திரும்பிவிடலாம்.

இரண்டாவது, பேராசிரியர் அழைத்துப் போகும் குழுப் பயணம். பத்துப் பதினைந்து நாள். இதன் பலமே கதவு திறப்பதுதான். தனியாகப் போய் நின்றால் வரவேற்பறையைத் தாண்டாத இடத்தில், துறைத் தலைவரின் ஒரு கடிதம் உள்ளே கூட்டிப் போய்விடும்.

அந்த ஊரில் நலமையத்துக்குப் பெயர் பொக்ஜிக்வான். முன்னோடி, 1921இல் சோலில் மெதடிஸ்ட் மிஷனரிகள் தொடங்கிய தேஹ்வா பெண்கள் இல்லம். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1919 மார்ச் 1 அன்று, ஜப்பானிய ஆட்சிக்கு எதிரான விடுதலைப் பிரகடனத்தைத் தலைவர்கள் வாசித்த உணவகக் கட்டடம்தான் அந்த இல்லமானது. தேஹ்வா இப்போது நகரின் தென்கிழக்கில் சூசோவில் இயங்குகிறது. 1989க்குப் பிறகு அரசு ஏழைகளுக்காக நிரந்தர வாடகைக் குடியிருப்புகளைக் கட்டியபோது, அவற்றுக்குள்ளேயே பொக்ஜிக்வானும் வைக்க வேண்டும் என்றானது. அடுக்குமாடியின் காலடியிலேயே ஆலோசனை அறை, மதியச் சாப்பாட்டுக் கூடம், பிள்ளைகளின் பாட அறை. குடிசைவாசிகளை மறுகுடியமர்த்திய சென்னையின் கண்ணகி நகரையோ பெரும்பாக்கத்தையோ களப்பணியில் பார்த்தவர்களுக்கு, வீடு கட்டும்போதே நலமையத்துக்கும் சேர்த்து இடம் ஒதுக்குவது என்பதன் அருமை உடனே புரியும். இதை ஒரு பொறுப்பாளர் முன்னால் உட்கார்ந்து கேட்கக் கிடைப்பது குழுப் பயணத்தில்தான்.

ஆனால் அந்தப் பயணங்களின் அட்டவணை இருக்கிறதே! காலையில் ஒன்று, மதியம் ஒன்று. பவர்பாயிண்ட், கேள்வி நேரம், நினைவுப் பரிசு, குரூப் போட்டோ, பஸ். நடுவில் மொழிபெயர்ப்பாளர். அங்கே வந்து போகும் பாட்டியிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசியிருக்க மாட்டோம். கல்யாண வீட்டில் மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் வந்த மாதிரி.

மூன்றாவது வாசலுக்குச் சமூகப்பணி என்று பெயர்கூடக் கிடையாது. பல்கலைக்கழக மொழி நிலையங்களின் கோடைப் பருவம்: பத்து வாரம், 200 மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள், தினம் நான்கு மணி நேரம். பேச்சுக்கு முக்கியத்துவம் தருவதில் சோகாங் பல்கலைக்கழகம் பெயர் பெற்றது. என் ஓட்டு இதற்குத்தான்.

வகுப்பு முடிந்தால் மதியம் முழுக்க நம்முடையது. சோலில் இன்சொன்-தோங் என்று ஒரு சந்து, இல்லை, இக்சொன்-தோங். இந்தப் பெயர்களில் எனக்கு இன்றைக்கும் தடுமாற்றம்தான். பழைய ஓட்டு வீடுகளைக் காபிக் கடையாக்கிய, போட்டோ எடுக்கக் கூட்டம் நெரியும் இடம். அங்கிருந்து சில நிமிடம் நடந்தால் தோனுய்-தோங். அங்கே ஜொக்பாங் எனப்படும் அறைகள்: சுமார் ஒரு பியோங், அதாவது 35 சதுர அடி. ஒரு பாய் விரித்தால் மிச்சம் கால் வைக்கத்தான் இடம். பெரும்பாலும் தனியாக வாழும் வயதான ஆண்கள். ஜூலை வெயிலில் கதவைத் திறந்துபோட்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பார்கள். கேமராவைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துத் தாப்கொல் பூங்காவிலும் அதே வயதுக் கூட்டம்தான். 65 வயதானால் மெட்ரோ இலவசம் என்பதால், ஏசிக்காகவே ரயிலேறிக் கடைசி நிலையம்வரை போய்த் திரும்பும் தாத்தாக்களும் உண்டு.

கோடை என்பதே அங்கே நலப்பணியில் தனிப் பருவம். ஜூன் கடைசியில் ஜாங்மா எனப்படும் பருவமழை பிடிக்கும். 2022 ஆகஸ்ட் பெருமழையில் சோலின் சில்லிம்-தோங்கில், பாதி தரைக்குக் கீழே இருக்கும் பான்ஜிஹா வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து ஒரே குடும்பத்தில் மூன்று பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் மாற்றுத்திறனாளி. மழை ஓய்ந்தால் வெப்ப அலை. தெருவுக்குத் தெரு இருக்கும் கியொங்நோதாங் என்ற முதியோர் கூடங்கள் பலவும் வெயில் ஒதுங்கும் இடமாக மாறிவிடும். உள்ளே போகச் செருப்பைக் கழற்ற வேண்டும் (நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை). தரையில் பாட்டிகள் வட்டமாக உட்கார்ந்து ஹ்வாத்து சீட்டு ஆடுவார்கள், பத்து வொன் காசு வைத்து. புதிதாக வந்தவரிடம் முதல் கேள்வி, "சாப்பிட்டாயா?" அதற்குக் கொரிய மொழியில் பதில் சொல்லத் தெரிந்தால் அடுத்த நிமிடம் தர்பூசணித் துண்டு கையில் இருக்கும்.

மொழி நிலையத்தில் இன்னொரு லாபம் வகுப்பறையிலேயே உண்டு. கொரியப் போருக்குப் பின், 1950களில் தொடங்கி, சுமார் இரண்டு லட்சம் குழந்தைகள் வெளிநாட்டுக்குத் தத்துப் போனார்கள். ஆவணங்களைத் திரித்தது உட்பட அதில் நடந்த மனித உரிமை மீறல்களுக்கு அரசே பொறுப்பு என்று 2025 மார்ச்சில் அந்நாட்டு உண்மை கண்டறியும் ஆணையம் சொன்னது. டென்மார்க்கிலோ அமெரிக்காவிலோ வளர்ந்து, பெற்ற தாயிடம் பேசுவதற்காக நாற்பது வயதில் எழுத்துக் கூட்டும் ஒருவர் உங்கள் பக்கத்து இருக்கையில் இருக்கலாம். தத்தெடுப்பு பற்றி எத்தனை பவர்பாயிண்ட் பார்த்தாலும் இது வராது.

முதியவர்களை நலப்பணியாளர்கள் 'ஒருஷின்' என்று அழைப்பார்கள், நாம் 'பெரியவரே' என்பது போல. யாரிடம் எந்த மரியாதை விகுதி என்று தடுமாறும்போதுதான் அந்தச் சமூகத்தின் ஏணி பிடிபடும். 'நீ, நீங்கள்' என்று வளர்ந்த நமக்கு அது சீக்கிரம் வரும். அம்மா, அப்பா என்ற சொற்கள் இரு மொழியிலும் ஒன்றுபோல இருப்பதைச் சொல்லி நட்பு பிடிக்கலாம். அங்கே அதைக் கேட்டுக் கேட்டுப் புளித்தவர்களும் இருப்பார்கள்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். பத்து வாரக் கொரிய மொழியை வைத்து கேஸ் ஒர்க், அதாவது ஒருவரின் பிரச்சினையைக் கேட்டு உதவும் தொழில்முறைப் பணி, எதுவும் செய்ய முடியாது. நலமையச் சமையலறையில் வெங்காயம் உரிக்கலாம், பாட்டிகளோடு சீட்டு ஆடலாம், காது கொடுக்கலாம். கிரெடிட் கணக்கில் வர வேண்டும் என்றால் கோடைப் பள்ளிதான் சரி. அதையும் உங்கள் கல்லூரி ஏற்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள். இரண்டே வாரம்தான் கிடைக்கும், தனியாக அனுப்ப வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள் என்றால் குழுப் பயணம்.

சோல்தான் வேண்டும் என்றும் இல்லை. பூசானில் வாடகை இறங்கும். அங்கே ஆமி-தோங்கில், போரில் ஓடிவந்த அகதிகள் ஜப்பானியர் கல்லறைமீது வீடு கட்டினார்கள். சுவரிலும் படிக்கட்டிலும் கல்லறைக் கற்கள் இன்னும் தெரியும்.

தேதியில்தான் நம்மவர்கள் இடறுவது. நமக்குக் கோடை விடுமுறை ஏப்ரல், மே. அவர்களுக்கு ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட். முதலாண்டு முடித்துப் போனால் இங்கே மூன்றாம் செமஸ்டர் ஆரம்பித்துவிடும். இரண்டாம் ஆண்டின் கடைசித் தேர்வு எழுதிய கையோடு கிளம்புவதுதான் வசதி. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம், அழைப்புக் கடிதம் வர நாளாகும், ஆகவே ஜனவரியிலேயே வேலையைத் தொடங்க வேண்டும். காத்திருக்கும் மாதங்களில் சென்னையில் இருப்பவர்கள் இன்கோ என்ற இந்திய-கொரியக் கலாச்சார மையத்தில் கொரிய வகுப்புக்குப் போகலாம். கொரிய எழுத்துமுறையான ஹங்குலில் அடிப்படை எழுத்து 24தான்; 247 எழுதிப் பழகிய கைக்கு ஒரு வாரம் போதும்.