பழையபேட்டை பழம்பொருள் கடை: ஸ்வஸ்திகா தட்டில் விலை தலைகீழ்

அண்டா, குத்துவிளக்கு, அளவுப்படி வாங்குவதற்குக் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் உள்ள இந்தக் கடைக்குத் தைரியமாகப் போகலாம். கண்முன்னே எடை போடுகிறார்கள், ஈயம் பற்றவைத்த இடத்தை மறைப்பதில்லை. சிக்கல் கல்லாப்பெட்டி பக்கத்துத் தட்டில்தான். ஸ்வஸ்திகா போட்டது எது வந்தாலும் அதில் விழுகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: 'ஹிட்லர் காசு'.

நாஜிக் கட்சி இந்தச் சின்னத்தை எடுத்துக்கொண்டது 1920இல். அதற்கு முன்பே அமெரிக்காவில் குதிரை லாடம் போல இதுவும் அதிர்ஷ்டக் குறி. நாலு 'எல்' எழுத்து சேர்ந்தது, லக், லைட், லவ், லைஃப் என்று விளக்கம் அச்சிட்டு அட்டை விற்றார்கள். தட்டில் கிடக்கும் 'டோன்ட் வொர்ரி கிளப்' பித்தளை வில்லை அந்த வகை. விலை 300 ரூபாய், வாங்கலாம். பக்கத்தில் 2,500 சொல்லும் நாஜி பேட்ஜ் புதுச்சரக்கு. அசல் எனாமல் கண்ணாடி மாதிரி, ஊசி முனை இறங்காது. இதில் பெயின்ட் உரிந்து வருகிறது.

கோகோ கோலா 1925இல் ஸ்வஸ்திகா வடிவத்திலேயே கடிகாரச் சங்கிலிப் பதக்கம் விட்டது. அதற்குப் போலிகள் ஏராளம், இங்கே இருப்பதும் போலிதான். உலோக அச்சை வைத்து அடித்த அசலில் எழுத்தின் ஓரம் கூர்மையாக நிற்கும். இதில் ஓரம் மழுங்கி, பள்ளங்களில் குண்டூசித் துளைகள் தெரிகின்றன. உருக்கி ஊற்றிய வார்ப்பின் அடையாளம் அது. 10 மடங்கு லென்ஸ் ஒன்று கையோடு கொண்டுபோங்கள்.

'வலப்பக்கம் திரும்பினால் நம்முடையது, இடப்பக்கம் என்றால் ஹிட்லர்' என்று கடையில் சொல்வார்கள். தப்பு. நாஜிச் சின்னமும் நம் வாசற்படிச் சின்னமும் ஒரே பக்கம்தான் திரும்பும். அவர்களுடையது பெரும்பாலும் 45 பாகை சாய்ந்திருக்கும், நம்முடையது நேராக, பல சமயம் நாலு புள்ளியோடு.

அலமாரியின் அடித்தட்டையும் கிளறிப் பாருங்கள். அட்டையில் யானைத் தலையும் ஸ்வஸ்திகாவும் போட்ட, 'ஜங்கிள் புக்' எழுதிய கிப்ளிங்கின் புத்தகங்கள் அங்கே இருக்கின்றன. ஸ்வஸ்திகா சிலவற்றில் வலப்பக்கமும் சிலவற்றில் இடப்பக்கமும் திரும்பியிருக்கும். 1930களில் கிப்ளிங்கே அதை நீக்கச் சொல்லிவிட்டார், ஆகவே சின்னம் இருப்பவை பெரும்பாலும் அதற்கு முந்தைய பிரதிகள். ஒன்று 200 ரூபாய்தான். முதுகுப்பக்கம் செல்லரித்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய குறை வேறு. அண்டாவை விளக்குகிற அதே புளியில் வில்லைகளையும் போட்டுத் தேய்க்கிறார்கள். புளியின் அமிலம் நூறு வருடக் கறுப்பை எடுத்துவிடுகிறது. ஊறப்போட்டால் பித்தளையிலுள்ள துத்தநாகமும் கரைந்து, செம்பு நிறத் திட்டு தெரியும். பிறகு அசலும் போலியும் ஒரே பளபளப்பு, சேகரிப்பவர் யாரும் தொடமாட்டார். மூட்டை பிரிக்கிற அன்றே போய், 'விளக்காமல் கொடுங்க அண்ணா' என்று கேட்டால் அப்படியே தருகிறார்கள், விலையிலும் ஐம்பது குறைகிறது.