ஃபிளாஷ் கணக்குக்கு டிடபிள்யூசிம்: பல வருடம் பயன்படுத்திய பிறகு

ஆவி-திரவச் சமநிலைக் கணக்குகளை எக்ஸலில் போட்டுப் பழகிவிட்டு, வேதிச் செயல்முறைகளைக் கணினியில் கணக்கிடும் டிடபிள்யூசிம் என்ற சிமுலேட்டருக்கு வந்தவன் நான். இலவசம், ஓப்பன் சோர்ஸ், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். இன்றைக்கு ஃபிளாஷ் என்றால், அதாவது ஒரு கலவையில் எவ்வளவு ஆவியாகும், எவ்வளவு திரவமாக மிஞ்சும் என்று கணக்கிட வேண்டுமென்றால், முதலில் இதைத்தான் திறக்கிறேன். ஆனாலும் அந்தப் பழைய எக்ஸல் ஷீட்டை நான் அழிக்கவில்லை. புதிதாகச் சேரும் ஒவ்வொருவரிடமும் அதைப் போல ஒன்றை நீங்களே செய்து வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

சுலபமான ஒரு கணக்கைப் பார்ப்போம். பென்சீனும் டொலுவீனும் சம மோல் அளவில், 95 டிகிரி செல்சியஸ், ஒரு வளிமண்டல அழுத்தம். வெப்பநிலையிலிருந்து ஆவியழுத்தத்தைத் தரும் ஆன்டோயின் சமன்பாட்டின்படி பென்சீனின் ஆவியழுத்தம் சுமார் 1177 மி.மீ. பாதரசம், டொலுவீனுக்கு 477. 760-ஆல் வகுத்தால் கே மதிப்புகள் (ஒரு பொருளின் ஆவிப் பகுதிப் பங்கை அதன் திரவப் பகுதிப் பங்கால் வகுத்தது) 1.55, 0.63. இவற்றை, எவ்வளவு ஆவியாகும் என்று தரும் ராக்ஃபோர்ட்-ரைஸ் சமன்பாட்டில் போட்டால் மோல் கணக்கில் 43 சதவீதம் ஆவியாகிறது. மிஞ்சும் திரவத்தில் பென்சீன் 40 சதவீதம், ஆவியில் 63. சிமுலேட்டரில் ரௌல்ட் விதியை (கலவையை இலட்சியக் கலவையாக எடுத்துக்கொள்ளும் எளிய மாதிரி) தேர்ந்தெடுத்து ஓட்டினால் இதே எண்களுக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும்.

1952-இல் வந்த அந்த ராக்ஃபோர்ட்-ரைஸ் சமன்பாட்டின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. ஆவிப் பங்கு பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குப் போகும்போது அந்தச் சார்பு இறங்கிக்கொண்டே இருக்கும், நடுவில் திரும்பாது. அதனால் விடை இருந்தால் ஒன்றே ஒன்றுதான். இரண்டு முனையிலும் மதிப்பைப் பார்த்தாலே கலவை பபுள் பாயிண்டுக்குக் கீழே (இன்னும் முழுத் திரவமாக) இருக்கிறதா, டியூ பாயிண்டைத் தாண்டி முழு ஆவியாகிவிட்டதா என்று தெரிந்துவிடும். ஷீட்டில் இந்தச் சோதனைக்கு இரண்டே செல் போதும்.

சரி, சிக்கல் எங்கே வருகிறது? சமன்பாட்டைத் தீர்ப்பதில் இல்லை. கே மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பதில்தான்.

எத்தனால்-நீர் கலவைக்கு ரௌல்ட் விதியைக் கொடுத்துப் பாருங்கள். ஃபிளாஷ் ஒரு நொடியில் முடியும், சிவப்பு எழுத்தில் எதுவும் வராது. ஆனால் அந்த மாதிரிப்படி எத்தனாலை வடித்துக்கொண்டே போய்ச் சுத்தமாகப் பிரித்துவிடலாம்! உண்மையில் ஒரு வளிமண்டல அழுத்தத்தில் 78.2 டிகிரியில், எத்தனால் சுமார் 89 மோல் சதவீதம் இருக்கும்போது, ஆவியும் திரவமும் ஒரே கலவையாகிவிடும். இலட்சியத்திலிருந்து விலகும் திரவங்களுக்கான என்ஆர்டிஎல் அல்லது யூனிகுவாக் மாதிரியைப் போட்டால்தான் அது தெரியும். அதனால் புதிய கலவை எதுவானாலும் ஃபிளாஷுக்கு முன்பே இருகூறுப் படத்தை (இரண்டு பொருள்களின் ஆவி-திரவச் சமநிலை வரைபடம்) வரைந்து பார்த்துவிடுவேன். டிடபிள்யூசிம்மில் எனக்கு மிகவும் பிடித்த வசதி அதுதான்.

என்ஆர்டிஎல்லைத் தேர்ந்தெடுத்தாலும் கவனம் வேண்டும். ஒரு ஜோடிக்கு இடைவினை அளவுருக்கள் இல்லாமல் எல்லாமே பூஜ்யமாக இருந்தால், அந்த ஜோடிக்கு என்ஆர்டிஎல் சேர்ப்பது எதுவும் இல்லை. கலவை ரௌல்ட் விதிப்படிதான் நடந்துகொள்ளும். மேலே பெயர் மட்டும் என்ஆர்டிஎல் என்று இருக்கும். எந்தச் சிமுலேட்டரானாலும் இது பொருந்தும், ஏனென்றால் இது கணிதம். அளவுரு அட்டவணையைத் திறந்து ஒவ்வொரு ஜோடியாகப் பார்க்காமல் நான் எந்த முடிவையும் யாருக்கும் அனுப்புவதில்லை. விடுபட்டதை யூனிஃபேக் வைத்து, அதாவது மூலக்கூறின் பகுதிகளிலிருந்து, மதிப்பிடும் வசதி இருக்கிறது. முதல் கட்ட வேலைக்கு அது போதும், கருவியை வடிவமைக்கச் சோதனைத் தரவு வேண்டும்.

பியூட்டனால்-நீர் போல இரண்டு திரவ அடுக்காகப் பிரியும் கலவைக்கு, என்ஆர்டிஎல் போன்றதேயான வில்சன் மாதிரி உதவாது, அந்தப் பிரிவை அதனால் காட்டவே முடியாது. அங்கே மாதிரியை மாற்றி, மூன்று நிலை (ஒரு ஆவி, இரண்டு திரவம்) ஃபிளாஷுக்குப் போய்விட வேண்டும். நேரம் அதிகம் பிடிக்கும், பரவாயில்லை. ஹைட்ரோகார்பன்களுக்குப் பெங்-ராபின்சன் நிலைச் சமன்பாடு, வேறு யோசனையே வேண்டாம். தண்ணீர் சேர்ந்தால் மட்டும் நீரில் கரையும் ஹைட்ரோகார்பன் அளவை நம்பாதீர்கள்.

அப்புறம் வால்வு. அழுத்தம் குறையும்போது வெப்பநிலை தெரியாது, வால்வில் மாறாத என்தால்பிதான் (கலவையின் வெப்ப உள்ளடக்கம்) தெரியும். கையால் போட்டால் ஒரு மதியம் போய்விடும் கணக்கு இது. சிமுலேட்டர் தன் மதிப்பைக் காட்டுவது இங்கேதான். கொதிநிலைகள் நெருக்கமாக உள்ள கலவையில் மட்டும் கொஞ்சம் தடுமாறலாம், ஏனென்றால் வெப்பநிலை இம்மி நகர்ந்தாலே கலவை முழுத் திரவத்திலிருந்து முழு ஆவிக்குப் போய்விடும். அப்போது வெப்பநிலைக்குப் பதிலாக ஆவிப் பங்கையும் அழுத்தத்தையும் கொடுத்து, வரும் என்தால்பியை ஒப்பிட்டுப் பார்த்தால் விடை எந்தப் பக்கம் என்று பிடிபட்டுவிடும்.