பழைய வண்டிக்கு ‘ஆலைப் பதிவுச் சான்றிதழ்’ வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

“என்ஜின் நம்பரை அனுப்புங்கள், உங்கள் வண்டியின் முழு ஜாதகத்தையும் ஆலைப் பதிவேட்டிலிருந்து எடுத்துத் தருகிறோம்” என்று இணையத்தில் ஒருவர் விளம்பரம் செய்துகொண்டிருக்கிறார். ட்ரையம்ஃப், பி.எஸ்.ஏ என்ற பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களை வைத்திருப்பவர்கள்தான் அவருக்குக் குறி. என்னிடம் பணத்தை வாங்கிக்கொண்டு அவர் அனுப்பியது பளபளப்பான ஒரு கட்டுக்கதை.

என்னுடையது ட்ரையம்ஃப் பானவில் மாடல். என்ஜின் நம்பர் எக்ஸ்.சி. என்று தொடங்கி டி120ஆர் என்று முடியும். பணம் கட்டியதும் ஒரு படிவம் வந்தது. என்ஜின், ஃபிரேம் இரண்டின் நம்பர்கள், நம்பர் பொறித்த இடத்தின் படம், வண்டியை நாலு பக்கமும் எடுத்த படங்கள், உரிமைப் பத்திரத்தின் நகல், எல்லாம் வேண்டுமாம். பேரேட்டைப் பார்த்துச் சொல்கிறவருக்கு என் டேங்க் என்ன நிறம் என்பது எதற்கு? அப்போதே இடித்தது. உரிமைப் பத்திரத்தை மட்டும் கொடுக்கவில்லை. நம்பர், படம், பத்திரம் மூன்றும் ஒரே ஆள் கையில் இருந்தால் உங்கள் வண்டியின் பெயரில் இன்னொரு வண்டியை உருவாக்கிவிடலாம்.

சான்றிதழ் வந்தது. தடித்த காகிதம், பொன்னிற முத்திரை, புரியாத ஒரு கையெழுத்து. தயாரிப்பு டிசம்பர் 1969. ஆலை நிறம் டைகர் கோல்டும் கறுப்பும். ஆர் என்றால் ரேஸிங். போய்ச் சேர்ந்தது லண்டனில் ஒரு டீலரிடம். நம்பர் பொறிப்பு “அசல், சரிபார்க்கப்பட்டது”.

முதலில் தேதி. ட்ரையம்ஃப் 1969 சீசனின் நடுவில்தான் இந்த இரண்டெழுத்து முறைக்கு மாறியது. அதற்கு முன் 650 சி.சி. யூனிட் என்ஜின்களுக்கு (என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருப்பவை) டி.யு. என்ற வரிசை ஓடியது. புது முறையில் முதல் எழுத்து மாதம், இரண்டாவது எழுத்து ஆண்டு. எக்ஸ் டிசம்பர், சி 1969. இதோடு நிறுத்திக்கொண்டால் டிசம்பர் 1969 என்றுதான் வரும். ஆனால் அந்த ஆண்டு காலண்டர் ஆண்டு அல்ல, விற்பனை சீசன். 1969 சீசன் 1968 ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டது. ஆக எக்ஸ்.சி. என்றால் டிசம்பர் 1968. டிசம்பர் 1969-இல் செய்த வண்டிக்கு எக்ஸ்.டி. என்று பொறித்திருப்பார்கள். இந்த வண்டிகளோடு கொஞ்ச நாள் பழகியவர்களுக்கே தெரிகிற விஷயம் இது. அட்டவணையை மேலோட்டமாகப் பார்த்து எழுதியவருக்குத் தெரியவில்லை.

நிறம் இன்னும் வேடிக்கை. 1969 பானவில்லுக்கு ஆலை கொடுத்தது ஒலிம்பிக் ஃபிளேமும் வெள்ளியும். டைகர் கோல்டும் கறுப்பும் 1971-இல் வந்தவை, ஃபிரேமுக்குள்ளேயே ஆயில் ஊற்றும் புது வடிவம் வந்த அதே ஆண்டு. என் டேங்குக்கு அந்த நிறத்தை அடித்தவர் எனக்கு முன்னால் வண்டியை வைத்திருந்தவர். நான் அனுப்பிய படத்தைப் பார்த்து, அதையே ஆலை நிறம் என்று எழுதி எனக்கே விற்றிருக்கிறார் மனிதர்!

டி120ஆர்-இல் உள்ள ஆர், சாலையில் ஓட்டும் மாடலைக் குறிப்பது. காட்டுப் பாதை, போட்டிகளுக்கு டி120சி என்று தனியாக இருந்தது. நம்பர் பொறிப்பைச் சரிபார்த்த கதையைக் கேளுங்கள். அந்தக் காலகட்டத்திலிருந்து ட்ரையம்ஃப் நம்பர் பொறிக்கும் மேடையில் நிறுவனச் சின்னத்தைச் சின்னச் சின்னதாகப் புடைப்பாக வார்த்திருக்கும். யாராவது பழைய நம்பரை ராவிவிட்டு வேறு நம்பர் அடித்தால் அந்தச் சின்னங்களும் சேர்ந்து போய்விடும். சரிபார்ப்பதென்றால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். நான் அனுப்பிய படத்தில் அந்த இடத்தில் பாதிக்கு மேல் எண்ணெய்ப் பிசுக்கு. அவர் எதைப் பார்த்து அசல் என்றாரோ!

பேரேட்டுப் பக்கத்தின் நகலைக் கேட்டேன். ரகசிய ஆவணம் என்றார். சரி, எந்தப் பேரேடு, யாரிடம் இருக்கிறது என்றாவது சொல்லுங்கள் என்றேன். அதற்கு “பிரீமியம் சேவை” எடுக்கச் சொன்னார். அப்புறம் பதிலே இல்லை.

ட்ரையம்ஃப், பி.எஸ்.ஏ ஆலைகளின் அனுப்புகைப் பதிவேடுகள் பிரிட்டனில் 1946-இல் தொடங்கிய விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பின் நூலகத்தில் இருக்கின்றன. அங்கே எழுதிக் கேட்டதில் அலங்காரம் எதுவும் இல்லாத ஒரு பதில் வந்தது. ஆலையை விட்டு வண்டி வெளியேறியது ஜனவரி 1969, போன இடம் அமெரிக்கா. லண்டன் டீலர் சுத்தப் பொய். இதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பேரேடு சொல்வது அனுப்பிய தேதியை, பூட்டி முடித்த தேதியை அல்ல. அதனால் என்ஜின் நம்பர் சொல்லும் டிசம்பரும் பேரேட்டின் ஜனவரி அனுப்புகையும் முரண்பாடு இல்லை.

ட்ரையம்ஃபிலாவது என்ஜினிலும் ஃபிரேமிலும் ஒரே நம்பர் இருக்கும், நாமே ஒப்பிட்டுக்கொள்ளலாம். பி.எஸ்.ஏ கோல்ட் ஸ்டார் வாங்குகிறவர்கள்தான் ரொம்ப உஷாராக இருக்க வேண்டும். அதில் டிபிடி34 என்று தொடங்கும் என்ஜின் சிபி32 என்று தொடங்கும் ஃபிரேமில் வரும், இரண்டு நம்பர்களும் வேறு வேறு. இந்த என்ஜின் இந்த ஃபிரேமில்தான் போனது என்று சொல்லக்கூடியது பேரேடு மட்டும்தான். பி.எஸ்.ஏ-வின் சாதாரண மாடல்களான பி31, பி33-இன் ஃபிரேமில் கோல்ட் ஸ்டார் என்ஜினை ஏற்றி விற்பது பழைய தொழில். அசல் ஃபிரேமின் வலது பக்கக் கீழ்க்குழாய், ஆயில் பம்புக்கு இடம்விட்டு வளைந்திருக்கும். குனிந்து பார்த்தால் தெரியும். இப்படிப்பட்ட வண்டிக்கு ஒரு போலிச் சான்றிதழ் ஒட்டிக்கொண்டால், அடுத்து வாங்குகிறவர் கதி என்ன?

எந்த நிறுவனம் வழியாகப் பணம் கட்டினேனோ அங்கே புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் முடியவில்லை. அந்த ஆள் இப்போது வேறு பெயரில், அதே பொன்னிற முத்திரையோடு வந்திருக்கிறார். ஏற்கெனவே அவரிடம் வாங்கியவர்கள் முதலில் நிறத்தைப் பாருங்கள், அந்த சீசனுக்கு ஆலை கொடுத்த நிறமா என்று. அடுத்து மாதமும் ஆண்டும். இரண்டில் ஒன்று இடித்தாலும் அந்தக் காகிதத்தை வண்டியோடு சேர்த்து யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.