பேஸ் கிற்றார்: 45–100 செற்றா, 50–105 செற்றா?

என் நாலு கம்பி பேஸில் 45–100 கம்பிச் செற்றைக் கழற்றிவிட்டு 50–105 மாட்டினேன். (இந்த எண்கள் மெல்லிய ஜி கம்பியினதும் தடித்த ஈ கம்பியினதும் தடிப்பு, அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்.) திரும்பிப் போகும் எண்ணம் இல்லை. ஆனால் எல்லோருக்கும் இது பொருந்தாது.

மெல்லிய செற்றின் நன்மை தெரிந்ததுதான்: விரல் நோகாது, ஸ்லாப் (பெருவிரலால் கம்பியைத் தட்டி வாசிப்பது) அடிக்க இலகு, வேகமான ஓட்டங்கள் தடுமாறாது. மட்டக்களப்புப் பறங்கியர் கல்யாண வீடுகளில் இரவு முழுக்க 6/8 தாளத்தில் பைலா வாசிப்பவருக்கு அதுவே போதும்.

நான் மாறியதற்குக் காரணம் எங்கள் பாடகர்கள். கோயில் திருவிழா மேடையில் சுருதியை அரைத் தொனி இறக்கச் சொல்வார்கள். அப்படி இறக்கினால் கம்பியின் இழுவிசை ஏறத்தாழ 11 வீதம் குறையும். 100 அளவு ஈ கம்பி தொய்ந்து ஃப்ரெட்டில் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கட்டு) அடித்து இரையும். 105 அளவுக் கம்பி சுமார் 10 வீதம் பாரம் கூடியது. ஆகவே சுருதியை இறக்கியும் பழைய இறுக்கமே விரலுக்குக் கிடைக்கும். ஜி கம்பியின் கதை வேறு. 45இலிருந்து 50க்குப் போகையில் பாரம் 23 வீதமளவு கூடுவதால், இறக்கின பிறகும் அது முன்னையதைவிட விறைப்பாகவே இருக்கும். மேல் ஸ்வரங்கள் மெலியாமல் உருண்டு வருவதால் அந்த விறைப்பை நான் பொறுத்துக்கொள்கிறேன்.

சரி, தீர்மானிக்க வேண்டிய விஷயம் நெக். சுருதியை இறக்காமல் தடித்த செற்றை மாட்டினால் நாலு கம்பியும் கூடுதலாக இழுக்கும். நெக் முன்னால் வளையும், நடு ஃப்ரெட்டுகளில் கம்பி உயரும். நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதனுள்ளே இருக்கும் உலோகத் தண்டான ட்ரஸ் றொட்டை இறுக்க வேண்டி வரும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல், கொஞ்சம் விட்டுப் பார்த்து, தேவையென்றால் மறுபடி திருப்புங்கள். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, நெக் உடலோடு சேரும் இடத்தில் கம்பியை அழுத்தினால் ஏழாம் எட்டாம் ஃப்ரெட்டுக்கு மேல் ஒரு விசிற்றிங் கார்ட் நுழையும் இடைவெளி போதும். வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள கல்லடிப் பக்கம் மாரி ஈரத்துக்கு ஒரு தடவை, கச்சான் காற்று வீசி மரம் காயும்போது இன்னொரு தடவை இதைப் பார்ப்பது நல்லது. மெல்லிய கம்பியிலும் மரம் அசையும்தான், ஆனால் இழுவிசை கூடிய நெக்கில் அலட்சியத்துக்கு இடமில்லை. ட்ரஸ் றொட் ஏற்கெனவே முடிவு வரை இறுகிப்போன பழைய கிற்றார் என்றால் தடித்த செற்றை நினைக்கவே வேண்டாம்.

அப்புறம் நட், அதாவது நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் வெட்டுள்ள துண்டு. கம்பி வெட்டுக்குள் முழுக்க இறங்காமல் மேலே நின்றால் அனுபவமுள்ளவரிடம் கொடுத்து அராவச் சொல்லுங்கள், ஆழம் கூடிப்போனால் புது நட்தான் போட வேண்டும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு எழுப்பும் ஸ்வரம்) அழுத்திய ஸ்வரத்தையும் ஒப்பிட்டு, அழுத்தியது சுருதி கூடிக் கேட்டால் சாடிலை (பிரிட்ஜில் கம்பி தங்கும் துண்டு) பின்னுக்குத் தள்ளுங்கள்.

தட்டையான நாடாவால் சுற்றிய வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் கம்பிகளில் எனக்குப் பழக்கம் குறைவு. மோட்டவுன் பாடல்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் 52–110 ஃப்ளாட்வவுண்டை மாற்றாமலே ஆண்டுக்கணக்கில் வாசித்தவர், ஆனால் அந்தச் சத்தம் எங்கள் மேடைக்கு ஒத்துவருமா என்று நான் சோதித்ததில்லை. உப்புக் காற்றில் எந்தச் செற் கூட நாள் தாங்கும் என்றும் ஒரே பாவனையில் வைத்துப் பார்க்கவில்லை. எதுவானாலும் வாசித்து முடித்ததும் துடைத்து வையுங்கள்.

சுருதியை இறக்காதவர், ஈ கம்பி மட்டும் கனமாக வேண்டுமென்றால் 45–105 செற்றை வாங்கலாம். ஜி மெல்லியதாகவே இருக்கும், நெக்குக்கும் சுமை அவ்வளவு ஏறாது.