செந்தோசா மீனு: பழைய சுரங்கமா, புது கண்ணாடிச் சுவரா?

மலேசியா ஜொகூர்ல ரெங்கம் பக்கத்துல தோட்டத்துல வளர்ந்த எங்களுக்கு ஸ்கூல் லீவுன்னா சிங்கப்பூர் செந்தோசா தீவுதான், லயத்து (தோட்டத்து வரிசை வீடு) ஆளுங்க எல்லாம் சேர்ந்து பஸ் புடிச்சுப் போவோம். அங்க 1991ல திறந்த மீன் காட்சியகம் அண்டர்வாட்டர் வேர்ல்டு, 83 மீட்டர் சுரங்கம், நடக்கவே வேணாம், நகருற பெல்ட்டு மேல நின்னா போதும், தலைக்கு மேல சுறா, திருக்கை எல்லாம் வயித்தக் காட்டிட்டுப் போகும், பாட்டி 'ஐயோ உடைஞ்சா என்னடா பண்றது'ன்னு என் கைய விடவே இல்ல. கிரேசின்னு ஒரு கடல்பசு வேற, அது முகம் இன்னும் மறக்கல.

அதே தீவுல 2012ல வந்தது எஸ்இஏ அக்குவேரியம், 2025ல பெரிசாக்கி சிங்கப்பூர் ஓஷனேரியம்னு பேர மாத்திட்டாங்க. சைஸ்ல பழசு கிட்டயே வராது. ஒரே கண்ணாடி 36 மீட்டர் அகலம், 8.3 மீட்டர் உயரம், முன்னாடி தரையிலயே உக்காந்துடலாம், மீனுங்களுக்கும் இதுதான் விசாலம். டிக்கெட்ட ரிங்கிட்ல கணக்குப் போட்டாத்தான் வயிறு கலங்குது.

பிள்ளைங்கள கூட்டிட்டுப் போனா புதுசுதான், சந்தேகமே இல்ல. பழச 2016 ஜூன்ல மூடிட்டாங்க. நான் மட்டும் புது இடத்து சுரங்கத்துல கொஞ்ச நேரம் சும்மா நின்னுட்டேன், தரை நகரும்னு.