பத்துமலைப் படிகளில் 13ஆ, 14ஆ?

பத்துமலையில் 272 படிகள். தரையில் தொடங்கி, ஒவ்வோர் அடியிலும் ஒரு படி ஏறியோ இறங்கியோ மறுபடி தரைக்கே வந்துசேர வேண்டும். மொத்தம் 0, 1, 2, 3 ஏற்றங்கள் என்றால் 1, 1, 2, 5 வழிகள் உண்டு. ஏறாமல் நிற்பதும் ஒரு வழிதான். அடுத்த எண் என்ன? கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் சனிக்கிழமை வகுப்பில் ஆறாம் படிவ மாணவி ஒருத்தி 13 என்றாள். பக்கத்திலிருந்த பையன் எல்லாவற்றையும் வரைந்து எண்ணி 14 என்றான்.

அவள் பிடித்தது ஊக வழி. ஒவ்வோர் எண்ணும் முந்தைய இரண்டிலிருந்து பிறக்கிறது என்று வைத்துக்கொண்டு சமன்பாடுகளைத் தீர்த்தாள்: முந்தையதன் மூன்று மடங்கிலிருந்து அதற்கும் முந்தையதைக் கழி. பிறப்பிக்கும் சார்பு, அதாவது விரித்தெழுதினால் ய-இன் அடுக்குகளுக்கு முன்னால் இந்த எண்களே வரிசையாக வரும் பின்னம்: (1 − 2ய) / (1 − 3ய + ய²). கணினிக்கு இது நொடி வேலை. 1969இல் ஜேம்ஸ் மாசி விளக்கிய எல்வின் பெர்லகாம்பின் கணிப்பு நெறிமுறை (அல்காரிதம்) இதைத்தான் செய்கிறது. ஆனால் பின்னத்தில் தெரியாத கெழுக்கள் நான்கு (மேலே இரண்டு, கீழே இரண்டு), கையில் இருந்த எண்களும் நான்கு. அப்படியானால் விடை பொருந்தாமல் எப்படிப் போகும்? சோதிக்க ஓர் எண்கூட மிச்சமில்லை. 14 உண்மையான விடை. இவை கேட்டலன் எண்கள் (இப்படி ஏறி இறங்கும் நடைகளை எண்ணும் புகழ்பெற்ற தொடர்), இவற்றுக்கு விகிதமுறு சார்பே, அதாவது இரண்டு பல்லுறுப்புக்கோவைகளின் பின்னமே, கிடையாது.

இருந்தாலும் அவளுடைய 13ஐ அழிக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்றாம் படிக்கு மேல் ஏறக் கூடாது என்று தடுத்தால், நேராக நான்கு படி ஏறி இறங்கும் ஒரே ஒரு வழி கழிந்து, சரியாக 13 வருகிறது!

இந்தத் தடைக்கு அவளுடைய சார்பேதான் விடை என்று நிறுவ அணி வழி போதும். படிநிலைகள் 0 முதல் 3 வரை, ஆகவே எதிலிருந்து எதற்கு ஓரடியில் போகலாம் என்று குறிக்கும் 4×4 அணி. அடிக்கு ஒரு மாறியால் அதைப் பெருக்கி அலகு அணியிலிருந்து கழித்தால், வரும் அணியின் அணிக்கோவையே பின்னத்தின் கீழ்ப்பகுதி. நம்பகமான வழி, எதையும் ஊகிக்க வேண்டாம். ஆனால் 272 படிக்கு 273×273 அணி வேண்டும். கணினி போடும், ஏன் அப்படி வந்தது என்பது நமக்குப் புலப்படாது.

நான் தேர்ந்தெடுப்பது பிரித்தெழுதும் வழி. முதல்முறை தரைக்குத் திரும்பும் இடத்தில் நடையை வெட்டுங்கள். வெட்டிய துண்டின் முதல் ஏற்றத்தையும் கடைசி இறக்கத்தையும் நீக்கினால், உள்ளே இருப்பது உயர வரம்பு ஒன்று குறைந்த அதே கணக்கு; துண்டுக்குப் பின் மிச்சமிருப்பது பழைய வரம்புள்ள நடை. ஆகவே புதிய சார்பு = 1 / (1 − ய × முந்தைய சார்பு). வரம்பு 0 என்றால் 1. பிறகு 1/(1 − ய), (1 − ய)/(1 − 2ய), அதற்கடுத்ததாக மாணவியின் சார்பே வந்து நிற்கிறது. எந்த வரம்புக்கும் விகிதமுறு சார்புதான் என்பது கண்முன்னே தெரிகிறது. வரம்பை நீக்கினால் இரண்டு சார்புகளும் ஒன்றாகி, இருபடிச் சமன்பாடு பிறந்து, வர்க்கமூலம் வந்துவிடுகிறது. பையனின் 14 அங்கிருந்து வருவது.

எண்களைத் தவிர வேறெதுவும் கையில் இல்லாதபோது ஊகத்தைத்தான் முதலில் தொடுவேன். ஆனால் கெழுக்களைவிட எண்கள் கூடுதலாக இருக்க வேண்டும். பத்துமலையின் 272 படி வரம்புக்குக் கெழுக்கள் 273. அதன் முதல் 273 எண்களும் கேட்டலன் எண்களேதான். 274ஆவதில்தான் ஒன்றே ஒன்று குறையும்.