டேம் ஸ்மால் லினக்ஸ் 2024: 700 எம்பிக்குள் எதை வைத்தார்கள், எது சரிவரவில்லை

டேம் ஸ்மால் லினக்ஸ் பழைய கணினிகளுக்கான இலேசான லினக்ஸ் டிஸ்ட்ரோ, அதாவது மென்பொருள்களோடு சேர்த்துக் கட்டிய இயங்குதளத் தொகுப்பு. அதன் பழைய பதிப்பு 50 எம்பிக்குள் அடங்கியது. 16 எம்பி ராம் உள்ள 486 கணினியிலும் ஓடியது. 2024இல் அதை உருவாக்கிய ஜான் ஆண்ட்ரூஸே அதைத் திரும்பக் கொண்டுவந்தபோது வரம்பை 700 எம்பியாக உயர்த்தினார். ஒரு சிடி கொள்ளும் அளவு அது, அதைத் தாண்டக்கூடாது என்பது விதி. அடித்தளம் ஆன்ட்டிஎக்ஸ் 23 என்ற டிஸ்ட்ரோவின் 32 பிட் பதிப்பு, அதற்கும் கீழே டெபியன் 12 என்ற பெரிய டிஸ்ட்ரோ. கெர்னலும் (இயங்குதளத்தின் மையப்பகுதி) டிரைவர்களும் அங்கிருந்தே வந்துவிடுவதால், இந்த டிஸ்ட்ரோவுக்கே உரிய உழைப்பு எல்லாம் மென்பொருள் தேர்வில்தான் இருக்கிறது. அதை மட்டும் பார்ப்போம்.

ஒரு மென்பொருளின் பேக்கேஜ் அளவைப் பார்த்து அது இலேசானது என்று முடிவுகட்டக் கூடாது. அது எந்த நூலகக் குடும்பத்தை (பல மென்பொருள்கள் பங்கிட்டுக்கொள்ளும் நிரல் தொகுப்பு) இழுத்து வருகிறது என்பதே கணக்கு. கியூபிடிஎஃப்வியூ நல்ல பிடிஎஃப் ரீடர், அளவும் சிறியது. ஆனால் ஜன்னல், பட்டன்களை வரையும் க்யூட்டி என்ற நூலகம் இல்லாத கணினியில் நிறுவினால் க்யூட்டி நூலகங்கள் வரிசையாக வந்து இறங்கும். இங்கே தேர்ந்திருப்பது ஸதுரா. அது க்யூட்டி போன்ற இன்னொரு நூலகமான ஜிடிகே3 மேல் ஓடுகிறது. கடிதம் எழுத உதவும் அபிவேர்டு, கணக்குத் தாளான நியூமெரிக் இரண்டுக்கும் ஜிடிகே3 எப்படியும் வேண்டும் என்பதால் கூடுதல் சுமை மிகக் குறைவு. அபிவேர்டும் நியூமெரிக்கும் ஜிஆபிஸ் (GOffice) என்ற நூலகத்தையும் பங்கிட்டுக்கொள்கின்றன, ஆகவே ஒன்றை வைத்துவிட்டால் மற்றது பாதி விலைக்குக் கிடைத்த மாதிரி. லிப்ரே ஆபிஸில் ரைட்டரை மட்டும் வைத்தாலும் நூற்றுக்கணக்கான எம்பி போய்விடும். தேர்வு செய்தவர் இந்தக் கணக்கை நன்றாகவே போட்டிருக்கிறார்.

நீங்களே ஒரு இலேசான டிஸ்ட்ரோ தயாரிப்பதாக இருந்தால், எதையும் நிறுவும் முன், மென்பொருளை நிறுவும் கருவியான ஆப்ட்டை சிமுலேட் முறையில் (நிறுவாமல் ஒத்திகை மட்டும்) ஓட்டிப் பாருங்கள். எத்தனை பேக்கேஜ் கூட வருகிறது என்று பட்டியலே தந்துவிடும். ‘ரெகமண்ட்ஸ்’ வகைச் சார்புகளை (கட்டாயமில்லை, பரிந்துரை மட்டுமே)  தவிர்க்கச் சொல்லி இன்னொரு முறை ஓட்டி, இரண்டு பட்டியலையும் ஒப்பிடுங்கள். பல சமயம் எடையில் பெரும்பங்கு அந்த ரெகமண்ட்ஸில்தான் ஒளிந்திருக்கும்.

ஸதுராவில் ஒரு சிக்கல் இருக்கிறது. மெனு கிடையாது, பட்டன் கிடையாது. ஜே, கே விசைகளால் நகர வேண்டும், சாய்கோடு அழுத்தித் தேட வேண்டும், க்யூ அழுத்தினால் மூடும், எஸ் அழுத்தினால் அகலத்துக்குப் பொருந்தும். விசைகளாலேயே இயங்கும் விம் எடிட்டரில் பழகியவருக்குச் சுகம். பழைய கணினியை முதல்முறை தொடுகிறவர், வெறும் பக்கம் ஒன்றைப் பார்த்தபடி அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார். டெஸ்க்டாப்பில் இந்த ஐந்து விசைகளையும் எழுதிய ஒரு குறிப்புக் கோப்பு வைத்தால் போதும், அது ஒரு கேபிகூட வராது.

அபிவேர்டு சாதாரணக் கடிதங்களுக்குத் தாராளமாகப் போதும். டாக்எக்ஸ் கோப்பில் டெக்ஸ்ட் பாக்ஸும் அட்டவணைக்குள் அட்டவணையும் இருந்தால் அமைப்பு குலைகிறது. வந்த கோப்பைத் திறந்து படிக்கலாம், திருத்தி அதே வடிவில் திருப்பி அனுப்ப வேண்டாம். ஓடிடி (ODT) கோப்பு வடிவில் சேமித்து, வெளியே அனுப்புவதைப் பிடிஎஃப் ஆக்கிக்கொள்வது நல்லது. நியூமெரிக் உறுதியானது, எக்ஸெல் மேக்ரோக்களை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

இந்தத் தொகுப்பில் மிகச் சரியான தேர்வு எம்டிபெயின்ட் என்ற பட மென்பொருள். படம் வரைதல், வெட்டுதல், அளவு மாற்றுதல் எல்லாம் செய்கிறது. புதிய படம் உருவாக்கும் பெட்டியிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் வசதியும் உண்டு, அதற்கென்று தனி மென்பொருள் வைக்க வேண்டியதில்லை. இடம் நெருக்கும்போது இப்படி இரண்டு வேலை பார்க்கும் ஒன்றைத்தான் தேட வேண்டும்.

அந்த அளவுகோலில் எக்ஸ்எம்எம்எஸ் என்ற பாட்டு பிளேயர் தேறவில்லை. பாட்டையும் வீடியோவையும் எம்பிவி பார்த்துக்கொள்கிறது, டெர்மினல் பிரியர்களுக்கு சிமஸ் இருக்கிறது. எக்ஸ்எம்எம்எஸ் பழைய ஜிடிகே1 மேல் நிற்கிறது. அது பிடிக்கும் இடம் அற்பம்தான், குறை அங்கே இல்லை. ஜிடிகே1 யூனிகோடை ஒழுங்காகக் கையாளாததால் தமிழில் உள்ள பாடல் பெயர்கள் கிறுக்கலாகத் தெரியும். பழைய பதிப்பின் நினைவுக்காக வைத்திருக்கலாம், ஆனால் பாட்டைத் தேடி எடுக்க முடியாத பிளேயரால் என்ன பயன்?

மின்னஞ்சலுக்கு சில்ஃபீட் என்ற மென்பொருள். வேகமானது, அஞ்சல்களைத் தனித்தனிக் கோப்பாக வைப்பதால் பேக்கப் எடுப்பதும் எளிது. ஆனால் அதன் நிலையான வெளியீட்டில் ஓஆத்2 (கடவுச்சொல்லை மென்பொருளிடம் தராமலே உள்நுழையும் முறை) ஆதரவு இல்லை. ஜிமெயிலுக்கு இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, ஆப் பாஸ்வேர்டு (அந்த மென்பொருளுக்கு மட்டுமான தனிக் கடவுச்சொல்) ஒன்றை உருவாக்கி, ஐமேப் போர்ட் 993இல் அதைக் கொடுத்தால் வேலை செய்யும். சாதாரணக் கடவுச்சொல்லைக் கொடுத்தால் 2022 மே மாத மாற்றத்துக்குப் பிறகு ஜிமெயில் ஏற்பதில்லை. தனிநபர் அவுட்லுக் கணக்குகளிலோ 2024 செப்டம்பரோடு அந்த வழியும் அடைபட்டது. இதற்கு கிளாஸ் மெயிலை வைத்திருக்கலாம். அதுவும் சில்ஃபீடிலிருந்து கிளைத்ததுதான், புதிய பதிப்புகளில் ஓஆத்2 உண்டு.

உலாவிதான் எல்லா இலேசான டிஸ்ட்ரோவையும் தடுமாற வைக்கும் இடம். டில்லோ, லிங்க்ஸ்2 என்ற உலாவிகள் குட்டியானவை, நொடியில் திறப்பவை. டில்லோவில் ஜாவாஸ்கிரிப்ட் அறவே இல்லை, அதனால் வங்கித் தளமோ அரசுப் படிவமோ நகராது. தமிழ் வாசகருக்கு இன்னொரு இடர்: டில்லோ நிற்கும் எஃப்எல்டிகே நூலகம் எழுத்துகளைக் கோத்துக் காட்டுவதில்லை. ‘தெரு’ என்பதில் கொம்பு தகரத்துக்குப் பின்னால் போய் விழும். நெட்சர்ஃப் உலாவியின் ஜிடிகே பதிப்பு எழுத்துகளைக் கோக்கும் பாங்கோ நூலகத்தைப் பயன்படுத்துவதால் தமிழைச் சரியாகக் காட்டும், எடையும் குறைவு. குட்டி உலாவி ஒன்றுதான் வைக்க முடியும் என்றால் அதையே சொல்வேன்.

முழு உலாவி என்ற இடத்துக்கு இரண்டு வழி. பேட்வுல்ஃப் உலாவி வெப்கிட் என்ற உலாவி இயந்திரத்தின் மேல் ஓடுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் தொடக்கத்தில் அணைந்தே இருக்கும், பக்கம் வெறுமையாக வந்தால் கருவிப்பட்டையில் ஜேஎஸ் பெட்டியை டிக் செய்ய வேண்டும். புதிதாகத் திறக்கும் டேப் தனி அமர்வு என்பதால் அங்கே மறுபடி லாகின் கேட்கும். மற்றது பயர்பாக்ஸ் ஈஎஸ்ஆர் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு). அது எல்லாத் தளத்திலும் ஓடும், ஆனால் மொஸில்லா 32 பிட் லினக்ஸுக்கு பயர்பாக்ஸ் 144ஓடு நிறுத்திக்கொண்டது. மிச்சமிருப்பது ஈஎஸ்ஆர் 140 வரிசை மட்டும். எதை வைத்தாலும் 1 ஜிபி ராமில் இரண்டு மூன்று டேப்புக்கு மேல் நினைக்காதீர்கள், குறைந்தது 1 ஜிபி ஸ்வாப் (ராம் நிறைந்தால் உதவும் டிஸ்க் இடம்) ஒதுக்குங்கள்.

700 எம்பியை எட்டுவதற்காக மொழிக் கோப்புகள், மேன் பக்கங்கள் (கட்டளைகளுக்கான உதவிப் பக்கங்கள்), ஆவணங்கள் எல்லாம் நீக்கப்பட்டுள்ளன. திரும்ப நிறுவ ஒரு ஸ்கிரிப்ட் கொடுத்திருக்கிறார்கள். ஹார்ட் டிஸ்கில் நிறுவியபின், இணைய இணைப்போடு அதை ஓட்டுங்கள். தமிழ் எழுத்துருவுக்கு லோஹித் தமிழ் பேக்கேஜ் போதும், நோட்டோ தொகுப்பை முழுதாக இறக்கினால் வேண்டாத எத்தனையோ மொழிகளும் சேர்ந்து பல எம்பியைத் தின்னும். இந்த நீக்கும் உத்தியை உங்கள் சொந்த ஐஎஸ்ஓவில் (டிஸ்ட்ரோவின் நிறுவல் கோப்பு) கையாள்வதென்றால், கோப்புகளை அழிப்பதோடு நிறுத்த வேண்டாம். பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜியின் அமைப்பில், குறிப்பிட்ட கோப்புகளைத் தவிர்க்கச் சொல்லும் ‘பாத்-எக்ஸ்க்ளூட்’ வரிகளையும் சேருங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு அப்டேட்டும் அழித்த ஆவணங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.